பால் காய்ச்சிய பிறகு வரும் ஒரு வருடம்: உத்திரமேரூர் வட்டாரத்தில் வீடு மாறுதல் குறித்து ஓர் ஆய்வு

உத்திரமேரூர் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் ஒரு குடும்பம் வீடு மாற அரை நாள் போதும். டிராக்டர் டிரெய்லரோ குட்டியானையோ ஒன்று, தெருவில் நாலு பேர், பழைய சேலையில் சுற்றிய பாத்திரங்கள், வைக்கோலுக்கு நடுவே பத்திரப்படுத்திய கண்ணாடிச் சாமான். மதியச் சாப்பாட்டுக்குள் பீரோ புதிய சுவரோரம் நின்றுவிடும். ஆனால் அதே குடும்பம் புதிய இடத்தில் நிலைகொள்ள ஏறக்குறைய ஒரு வருடம் பிடிக்கிறது. ரேஷன் கடை, வாக்காளர் பட்டியல், பள்ளி, பால் சங்கம், மகளிர் குழு, குழாயில் தண்ணீர் வரும் நேரம், அவசரத்துக்குக் கைமாற்று கொடுக்கும் அண்டை வீடு என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகத்தான் வந்து சேர்கின்றன. நாம் அந்த அரை நாளுக்குத் திட்டம் போடுகிறோம்; வருடத்தை அதன் போக்கில் விட்டுவிடுகிறோம். வீடு மாறிய குடும்பங்கள் படும் அல்லல்களில் பெரும்பகுதி அங்கேதான் பிறக்கிறது.

சுமுகமான குடிபெயர்வு என்றால் என்ன, அதற்கு எதை எப்போது திட்டமிட வேண்டும் என்ற கேள்வியை இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்கிறது. தானே விரும்பி மாறும் குடும்பத்தையும், அரசு நகர்த்தும் குடும்பத்தையும் ஒரே சட்டகத்தில் வைத்துப் பார்க்கிறது. நகரத்துக்கென எழுதப்படும் ஆலோசனைகளில் கிராமத்தின் காலமும் நீரும் மாடும் தறியும் இடம்பெறுவதே இல்லை என்பதால், காஞ்சிபுரம் மாவட்டத்தின் இந்தத் தென்கோடி வட்டத்தை அடித்தளமாகக் கொள்கிறது.

மனையும் ஊரில் ஒருவரின் இடமும்

வீட்டுக்கும் ஊரில் ஒருவருக்குள்ள உரிமைக்கும் இடையே உள்ள முடிச்சைப் பேச உத்திரமேரூரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. இங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த கல்வெட்டுகள் உள்ளன, அவை கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை. முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்ட ஊரில் குடவோலை மூலம் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த முறையை அவை விவரிக்கின்றன. வேட்பாளருக்கான தகுதிகளில் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும் என்பது ஒன்று. சொந்த மனையில் வீடு கட்டிக்கொண்டு அதில் குடியிருக்க வேண்டும் என்பது இன்னொன்று. ஏரியைக் காக்கும் ஏரி வாரியத்தில் அமர வேண்டுமானாலும் அந்த ஏரி பாயும் ஊரில் கூரையும் காணியும் இருக்க வேண்டும்.

அந்த ஏற்பாடு நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஒரு சிறு பிரிவினருக்கானது. பெண்களுக்கும் உழுத கைகளுக்கும் அதில் இடமில்லை. இன்று பதினெட்டு வயது நிரம்பிய எவரும் கிராம சபையில் எழுந்து பேசலாம். சொந்த மனை தேவையில்லை. ஆனாலும் முடிச்சு முற்றாக அவிழ்ந்துவிடவில்லை. கிராம சபை என்பது அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களின் சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. முகவரியை மாற்றாமல் குடிபெயர்ந்தவர் புதிய ஊரில் பார்வையாளர். பழைய ஊரில் இல்லாதவர். இரண்டு ஊர்களுக்கும் நடுவே அவருடைய குரல் தொலைகிறது. வீடு மாறுவதைத் திட்டமிடுதல் என்பதன் மையம் இதுதான்: வீட்டோடு கட்டுண்டிருக்கும் உரிமைகளும் உறவுகளும் கூடவே வந்து சேர வழி செய்வது.

யார், எங்கிருந்து, எங்கே?

இவ்வட்டாரத்தில் குடிபெயர்பவர்கள் ஒரே வகையினர் அல்லர். முதல் வகை, அதே ஊரில் குடிசையிலிருந்து கான்கிரீட் வீட்டுக்கு மாறுபவர்கள். தமிழக அரசு 2024-25இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறது. 2030க்குள் எட்டு லட்சம் வீடுகள் கட்டுவது அதன் இலக்கு. இந்தக் குடும்பங்களின் சிக்கல் பலர் கண்ணில் படுவதில்லை. குடிசை நின்ற இடத்திலேயே வீடு எழும்புவதால் குடும்பம் இரண்டு முறை மாறுகிறது: முதலில் குடிசையிலிருந்து தற்காலிகக் கொட்டகைக்கு, பிறகு கொட்டகையிலிருந்து வீட்டுக்கு. பணமோ கட்டட வேலையின் நிலைக்கேற்பத் தவணையாக வருகிறது. ஒரு தவணை தாமதித்தால் ஐப்பசி மழை கொட்டகையின் மேல் பெய்யும். எனவே புதிய வீட்டுக்கான திட்டம் கொட்டகையிலிருந்து தொடங்க வேண்டும்: மேடான இடம், பக்கத்தில் கழிப்பறை, தாள்களையும் நெல்லையும் வைக்க உறவினர் வீட்டில் ஒரு மூலை.

இரண்டாம் வகை, பாகப்பிரிவினைக்குப் பின்னும் திருமணத்துக்குப் பின்னும் தனிக்குடித்தனம் போகிறவர்கள். மூன்றாம் வகை, வேலையைத் தொடர்ந்து போகிறவர்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், செய்யாறு சிப்காட் தொழிற்சாலைகளுக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வந்தவர்கள் ஷிப்ட் நேரம் தாங்காமல் வாலாஜாபாத்திலோ படப்பையிலோ வாடகைக்குப் போகிறார்கள். நான்காம் வகை, கல்குவாரிக்கும் செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் வெளியிலிருந்து வருகிறவர்கள். ஐந்தாம் வகை, தாங்களாக முடிவெடுக்காமல் நகர்த்தப்படுகிறவர்கள்.

தூரமும் கணக்கில் வரவேண்டும். அது கிலோமீட்டரில் மட்டும் அளக்கப்படுவதில்லை. 2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு தனி மாவட்டமானது. அதன்பின் உத்திரமேரூரிலிருந்து மதுராந்தகம் பக்கம் போகும் குடும்பம் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடுகிறது; ஆனால் வட்டாட்சியர், கலெக்டர் அலுவலகம், மாவட்டக் கல்வி அலுவலகம் எல்லாம் வேறாகிவிடுகின்றன. சில மைல் தள்ளிப் போகிறவர்கள் இந்த மாவட்ட எல்லையைக் கடக்கிறார்களா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வது பல மாத அலைச்சலைக் குறைக்கும்.

மனையைப் பார்க்கும் கண்

நம் ஊர்களில் மனை பார்ப்பவர்கள் வாசல் எந்தத் திசை என்று முதலில் கேட்கிறார்கள். இந்த மாவட்டத்தில் முதலில் கேட்க வேண்டியது தண்ணீர் எந்தத் திசையில் போகிறது என்பதை. ஏரி மாவட்டம் என்று பெயர் பெற்ற பூமி இது. உத்திரமேரூரின் பெரிய ஏரி பல்லவர் காலத்தில் வைரமேக தடாகம் என்று அழைக்கப்பட்டது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் திருமுக்கூடலில் கூடுகின்றன. ஏரியின் உள்வாய், கலங்கல் வழி, ஒரு ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குப் போகும் கால்வாய் எல்லாம் வறண்ட ஆண்டுகளில் வெறும் மேய்ச்சல் நிலம்போலக் கிடக்கும். 2015 டிசம்பரிலும், பாலாறு கரைபுரண்ட 2021 நவம்பரிலும் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வந்ததை இந்த மாவட்டம் கண்டது.

மனையின் வகைப்பாட்டைப் பார்க்க மூன்று ஆவணங்கள் போதும். பட்டா யார் பெயரில் என்பதைச் சொல்லும். 'அ' பதிவேடு அந்த நிலம் நத்தமா, தரிசா, மேய்க்காலா, ஏரிப் புறம்போக்கா என்பதைச் சொல்லும். புலப்படம் எல்லைகளைக் காட்டும். வருவாய்த் துறையின் இணையச் சேவையில் இவற்றைப் பெரும்பாலும் வீட்டிலிருந்தே எடுக்கலாம். சார்பதிவாளர் அலுவலகத்தின் வில்லங்கச் சான்று கடனையும் பழைய விற்பனைகளையும் காட்டும். வீட்டுவரி ரசீதும் மின் இணைப்பும் இருக்கின்றன, எனவே இடம் சொந்தம் என்று நம்பி ஏமாறுகிறவர்கள் இன்னும் அதிகம். அவை குடியிருப்பதற்கு அடையாளமே தவிர உடைமைக்குச் சான்று அல்ல. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாட்டில் 2007இல் தனிச்சட்டமே வந்துவிட்டது. ஏரி நிலத்தில் கட்டிய வீட்டுக்கு எத்தனை ஆண்டு வரி கட்டியிருந்தாலும் அந்தக் குடும்பத்துக்கு இன்னொரு குடிபெயர்வு காத்திருக்கிறது.

ஆவணத்தில் கிடைக்காதவற்றை ஊரில் கேட்டுத்தான் அறிய வேண்டும். மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, சித்திரையில் போர் வற்றுமா, மழைக்காலத்தில் தெரு எத்தனை நாள் சேறாகும் என்பதைப் பக்கத்து வீட்டுப் பெண்களைவிடச் சரியாகச் சொல்பவர் இல்லை. பெண்கள் கட்டணமின்றிப் போகும் டவுன் பஸ் அந்த வழியில் ஓடுகிறதா, எத்தனை மணிக்குக் கடைசி பஸ் என்பதும் வீட்டு வாடகையின் ஒரு பகுதியே. வாடகை ஐந்நூறு குறைவான வீடு, பஸ் இல்லாத வழியில் இருந்தால் மாத முடிவில் அதிகச் செலவு வைக்கும்.

வாடகை வீட்டைப் பொறுத்தவரை ஒரு கசப்பான உண்மையை மறைப்பது நேர்மையாகாது. கிராமத்தில் வீட்டு உரிமையாளர் கேட்கும் முதல் கேள்வி பல இடங்களில் சாதி பற்றியதாகவே இருக்கிறது. நேராகக் கேட்காதவர்கள் எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று சுற்றி வருகிறார்கள். இதனால் தலித் குடும்பங்களும் இருளர் குடும்பங்களும் வேலைக்கு அருகில் வீடு எடுக்க முடியாமல் தொலைவிலிருந்து நடக்கின்றன. தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து எழுபத்தைந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. வாடகை வீட்டின் வாசலில் தீண்டாமை இன்னும் நின்றுகொண்டிருப்பது நம் எல்லோருக்கும் தலைகுனிவு. எவ்வளவு திட்டமிட்டாலும் இந்தத் தடையைத் தனி ஒரு குடும்பத்தின் சாமர்த்தியத்தால் தாண்டிவிட முடியாது.

எந்த மாதம்?

ஆடியிலும் மார்கழியிலும் யாரும் குடிபோவதில்லை. புரட்டாசியையும் ஆனியையும் பல குடும்பங்கள் தவிர்க்கின்றன. இந்த விலக்குகளை வெறும் நம்பிக்கை என்று தள்ளுவதற்கு முன், வட்டாரத்தின் வேலைக்காலத்தோடு பொருத்திப் பார்க்கலாம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று நெல் பட்டங்கள் உண்டு. ஆடி, புரட்டாசியில் உழவும் நடவும் ஆளைப் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. மார்கழியில் சம்பா முற்றும். தையில் அறுவடை முடிந்து கையில் பணமும் களத்தில் வைக்கோலும் இருக்கும்.

பள்ளி ஆண்டையும் இதில் சேர்த்தால் நல்ல மாதம் தானே தெரிகிறது. நவரை அறுவடை சித்திரையோடு பெரும்பாலும் முடிகிறது. பள்ளிகள் ஜூனில் திறக்கின்றன. இடைப்பட்ட வைகாசி, முகூர்த்த மாதமும்கூட. சாலை காய்ந்திருக்கும், ஏரி உள்வாய் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியும், பிள்ளைகளின் படிப்பு நடுவில் அறுபடாது. மழைக்கு முன்னால் ஓட்டை உடைசலைச் சரிசெய்ய நாலைந்து மாத அவகாசமும் கிடைக்கும். வெயில் ஒன்றே குறை. அதிகாலையில் வேலையை வைத்துக்கொண்டால் அதையும் சமாளிக்கலாம். அடுத்த நல்ல காலம் தை, மாசி. ஆனால் பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டில், குறிப்பாகப் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படிக்கும் பிள்ளைகள் இருந்தால், அது பொதுத்தேர்வை நெருங்கும் நேரம்.

முகவரியோடு கட்டப்பட்டவை

இந்த ஆய்வில் அதிகக் கவனம் கோரும் பகுதி இது. சாமான் உடைந்தால் வாங்கலாம். உரிமை ஒன்று விட்டுப்போனால் மீட்க மாதங்கள் ஆகும்.

குடும்ப அட்டை முதலில் வருகிறது. 2020 அக்டோபரில் தமிழ்நாடு ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் இணைந்த பிறகு வேறு கடையிலும் விரல்ரேகை வைத்துப் பொருள் வாங்க வழி உண்டு. அது வழித்துணையாக உதவுமே தவிர, நிரந்தர ஏற்பாடாகாது. பொங்கல் பரிசு, பேரிடர் நிவாரணம் போன்றவை அட்டை இணைந்துள்ள கடையை வைத்தே பகிரப்படுகின்றன. இ-சேவை மையத்தில் முகவரி மாற்றி, வட்ட வழங்கல் அலுவலகம் ஏற்றுக்கொண்டதைச் சரிபார்க்கும்வரை வேலை முடிந்ததாகக் கருதக் கூடாது.

வாக்காளர் பட்டியல் அடுத்தது. இடம் மாறியவர்கள் இப்போது படிவம் 8 கொடுக்க வேண்டும். தொகுதிக்குள் மாறினாலும் தொகுதி விட்டுத் தொகுதி மாறினாலும் அதே படிவம்தான். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் வாக்குச்சாவடி அலுவலர்கள் வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்கள். முகவரி மாற்றாதவர்களின் படிவம் பழைய வீட்டு வாசலுக்குத்தான் போனது. வீடு மாறிய மாதத்திலேயே முடிக்க வேண்டிய வேலை இது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

மூன்றாவது, வேலை. மக்கள் நூறு நாள் வேலை என்று அழைக்கும் ஊரக வேலைத் திட்டம் ஊராட்சிகளுக்கு மட்டும் உரியது. உத்திரமேரூரோ பேரூராட்சி. சுற்றுக் கிராமத்திலிருந்து உத்திரமேரூர் டவுனுக்கு மாறும் குடும்பத்துக்குக் கடைத்தெருவும் ஆஸ்பத்திரியும் அருகில் வருகின்றன. அந்த வேலையோ கையை விட்டுப் போகிறது. ஒரு ஊராட்சியிலிருந்து இன்னொன்றுக்குப் போனாலும் புதிய இடத்தில் அட்டை பதிய வேண்டும். வீட்டில் வயதான ஒரு பெண்ணின் கைச்செலவே அந்த வேலையில் ஓடுகிறது என்றால், மாறுவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும்.

நான்காவது, பள்ளி. மாற்றுச் சான்றிதழும் கல்வித் தகவல் மேலாண்மை எண்ணும் இருந்தால் அரசுப் பள்ளிவிட்டு அரசுப் பள்ளி மாறுவது எளிது. ஆனால் ஒரு பெரிய பொறி இங்கே உண்டு. 2020இல் வந்த 7.5 விழுக்காடு மருத்துவ இடஒதுக்கீடு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. கல்லூரி மாணவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் ஆறாம் வகுப்பிலிருந்தே படித்த பள்ளியைப் பார்க்கிறது. புதிய ஊரில் அரசுப் பள்ளி தொலைவு என்று ஒரே ஒரு வருடம் தனியார் பள்ளியில் சேர்த்தாலும் அந்தக் கதவு மூடிக்கொள்ளலாம். வீடு பார்க்கும்போதே உயர்நிலைப் பள்ளி எத்தனை தூரம் என்று பார்ப்பது பிள்ளையின் பதினெட்டாவது வயதுக்குச் செய்யும் ஏற்பாடு.

ஐந்தாவது, உடல்நலம். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் தாய்சேய் நல அட்டையைத் தனிப்பையில் எடுத்துச் சென்று, வந்த வாரமே புதிய ஊரின் கிராம சுகாதார செவிலியரிடம் காட்ட வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டில் மாத்திரை வாங்கும் பெரியவர்கள், மாறுவதற்கு முன் ஒரு மாத மாத்திரையை வாங்கிக்கொண்டு பழைய செவிலியரிடம் சொல்லிவிட்டு வர வேண்டும். வீடு மாறிய களேபரத்தில் மாத்திரை விட்டுப்போய்ப் பக்கவாதத்தில் முடிவது நடக்கக்கூடாத ஒன்று, தடுக்கக்கூடிய ஒன்றும்கூட.

கடைசியாக, கடனும் சேமிப்பும். மகளிர் சுய உதவிக் குழு, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் நகைக்கடன், ஊர்ச்சீட்டு எல்லாம் அந்தந்த ஊர் முகங்களின் நம்பிக்கையில் ஓடுபவை. குழுவில் பாதிக் கடனோடு போனால் மீதி உறுப்பினர்களின் தலையில் சுமை விழும். தவணை முடியும்வரை பழைய குழுவிலேயே தொடர்வதா, கணக்கை முடித்துவிட்டுப் புதிய ஊர்க் குழுவில் சேர்வதா என்பதைக் குழுக் கூட்டத்திலேயே பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போவது நல்லது.

தறி, மாடு, நெல்

பீரோவையும் கட்டிலையும் ஏற்றுவது பற்றி யாருக்கும் பாடம் தேவையில்லை. பிழைப்புக்கான பொருள்கள்தான் கவனம் கேட்கின்றன.

காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள நெசவாளர் வீடுகளில் குழித்தறி வீட்டின் ஓர் அங்கம். மரச்சட்டங்களைக் கழற்றி ஏற்றலாம். குழியை ஏற்ற முடியாது. எனவே தறிக்காரர் வீடு மாறும் நாள், ஓடிக்கொண்டிருக்கும் பாவு நெய்து முடியும் நாளைப் பொறுத்தது. பாதிப் பாவை அவிழ்த்துக்கொண்டு போனால் பட்டும் ஜரிகையும் கெடும். புதிய வீட்டில் குழி வெட்ட உரிமையாளர் சம்மதிப்பாரா, மழையில் குழிக்குள் ஊற்று வருமா, தறியின் நீளத்துக்குக் கூடம் போதுமா, பகல் வெளிச்சம் விழுமா என்று முன்பே பார்க்க வேண்டும். 360 சதுர அடி வீட்டில் தறியும் போட்டால் படுக்க இடம் இருக்காது. அரசு வீடு பெறும் நெசவாளர்கள் தறிக்கூடத்தைத் தனியாகத் திட்டமிடுவது அவசியம். அரசும் நெசவாளர் வீட்டின் வரைபடத்தைத் தனியாக வகுக்க வேண்டும். குடிபெயர்வில் வருமானம் நிற்கும் நாள்களை இங்கே எண்ணிப் பார்த்துச் சேமித்துவைக்க வேண்டும். குழி காய்ந்து தறி பூட்டிப் புதுப் பாவு ஏறும்வரை கூலி வராது.

மாட்டை வெயில் ஏறுமுன் ஏற்ற வேண்டும். நிறைசினை மாட்டைக் கன்று ஈன்று தேறும்வரை நகர்த்தாமல் இருப்பது நல்லது. முதல் பத்து நாளுக்குப் பழைய வீட்டு வைக்கோலையும் தவிட்டையும் கூடவே கொண்டு போனால் தீவன மாற்றத்தில் பால் குறைவது மட்டுப்படும். காதுவில்லை எண்ணையும் தடுப்பூசிச் சீட்டையும் புதிய கால்நடை மருந்தகத்தில் பதிந்துகொள்ளலாம். பால் ஊற்றும் சங்கத்தில் பாக்கியை முடித்து, புதிய ஊர்ச் சங்கத்தில் உறுப்பினராகும்வரை பாலை எங்கே ஊற்றுவது என்று முன்பே பேசிவைக்காதவர்கள் முதல் வாரத்தில் பாலைக் கீழே கொட்டும் நிலைக்கு வருகிறார்கள். விதைநெல்லையும் சாப்பாட்டு நெல்லையும் தனித்தனி மூட்டையில் குறியிட்டு ஏற்ற வேண்டும். தரை ஈரமான புது வீட்டில் பலகைமேல் அடுக்க வேண்டும்.

அரசு நகர்த்தும்போது

தானாக மாறும் குடும்பத்துக்கே இத்தனை கணக்கு இருக்கிறது என்றால், அரசு ஒரு ஊரையே நகர்த்தும்போது கணக்கு எத்தனை மடங்காகும்? உலக வங்கியில் பணியாற்றிய சமூகவியலாளர் மைக்கேல் செர்னியா, கட்டாயக் குடிபெயர்வு மக்களை வறுமையில் தள்ளும் எட்டு வழிகளை 1990களில் தொகுத்தார்: நிலமிழப்பு, வேலையிழப்பு, வீடிழப்பு, ஓரங்கட்டப்படுதல், உணவுப் பற்றாக்குறை, நோய், பொதுச்சொத்துகளை இழத்தல், சமூக உறவு சிதைதல். எட்டில் ஒன்றே ஒன்றுதான் வீடு பற்றியது. மீதி ஏழும் வீட்டைச் சுற்றி இருப்பவை.

சென்னையின் நடுப்பகுதியிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்கள் இதைத் தம் வாழ்க்கையால் மெய்ப்பித்தன. கான்கிரீட் கூரை கிடைத்தது. வீட்டுவேலைக்கும் மீன்கடைக்கும் போய்வந்த தூரம் பல மடங்காயிற்று. பள்ளி ஆண்டின் நடுவே நகர்த்தப்பட்ட பிள்ளைகள் படிப்பை விட்டார்கள். இலங்கையின் வடக்கில் போருக்குப் பின் இந்திய உதவியுடன் நடந்த வீட்டுத்திட்டம் வேறு வழியைக் காட்டியது. அங்கே பணம் தவணையாகக் குடும்பத்தின் கைக்கு வந்தது. பெரும்பாலானவர்கள் தங்கள் சொந்தக் காணியிலேயே, தாங்களே முன்நின்று கட்டினார்கள். வீடு கட்டும் முடிவு யார் கையில் இருக்கிறது என்பது வீட்டின் தரத்தைவிடக் குடியேற்றத்தின் தரத்தை அதிகம் பாதிக்கிறது.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் இப்போது இரண்டு அனுபவங்கள் அருகருகே நிற்கின்றன. ஒன்று இருளர்களுடையது. ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் பட்டாவின்றி வாழ்ந்தவர்கள், முன்பணத்துக்குக் கட்டுண்டு அரிசி ஆலையிலும் மரம்வெட்டும் இடத்திலும் குடும்பத்தோடு அடைபட்டவர்கள் அவர்களில் பலர். ஊத்துக்காட்டிலும், உத்திரமேரூர் பக்கம் மலையாங்குளத்திலும் அவர்களுக்கெனத் தொகுப்பு வீடுகள் எழும்பின. 1976இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்கீழ் மீட்கப்படும் ஒரு குடும்பத்துக்கு வீடு மாறுதல் என்பது விடுதலையின் முதல் நாள். அதை முழுமையாக்க வீட்டோடு சாதிச்சான்று, குடும்ப அட்டை, அருகில் கூலி வேலை, பள்ளிக்கு நடந்து போகும் தூரம் ஆகியவையும் வேண்டும். இல்லையேல் பசியே அந்தக் குடும்பத்தை மறுபடி முன்பணத்திடம் அனுப்பும்.

இன்னொன்று பரந்தூர். 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட புதிய விமான நிலையத்துக்கு ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் தேவைப்படுகிறது. வீடும் வயலும் ஏரியும் ஒருசேரப் போகும் ஏகனாபுரத்தில் மக்கள் பல கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். 2024 மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். குடவோலைக் கல்வெட்டு நிற்கும் மாவட்டத்தில், தங்கள் ஊரைப் பற்றிய முடிவில் தங்களுக்கு வாக்கு இல்லை என்று மக்கள் உணர்வது மிகவும் வேதனைக்குரியது. இழப்பீட்டுத் தொகை எவ்வளவு என்ற பேச்சு மட்டும் அவர்களுக்குப் பதிலாகாது.

2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டத்தில் இதற்கான பாடம் எழுதப்பட்டிருக்கிறது. அதன் இரண்டாம் அட்டவணை, இடம்பெயரும் குடும்பத்துக்கு மாதம் 3,000 ரூபாய் வீதம் ஒரு வருடத்துக்கு வாழ்க்கைச் செலவும், சாமான் ஏற்றிச் செல்ல 50,000 ரூபாயும், மாட்டுக்கொட்டகைக்கோ பெட்டிக்கடைக்கோ குறைந்தது 25,000 ரூபாயும் தரச் சொல்கிறது. மூன்றாம் அட்டவணை சாலை, குடிநீர், மேய்ச்சல் நிலம், ரேஷன் கடை, சுடுகாடு, வழிபாட்டிடம் என்று ஊருக்கு வேண்டியவற்றை வரிசைப்படுத்துகிறது. தொகைகள் இன்றைய விலைவாசிக்குக் குறைவு. ஆனால் ஒரு குடும்பம் நிலைகொள்ள ஒரு வருடம் ஆகும் என்பதையும், வீட்டோடு ஊரும் வரவேண்டும் என்பதையும் நாடாளுமன்றம் எழுத்தில் ஏற்றுக்கொண்ட ஆவணம் அது. தானாக வீடு மாறுபவர்களும் அந்தப் பட்டியலை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். இதைவிட நிறைவான சரிபார்ப்புப் பட்டியல் எளிதில் கிடைக்காது.

அண்டை வீடு

புது வீட்டுக்குள் முதலில் நிறைகுடமும் உப்பும் மஞ்சளும் அரிசியும் விளக்கும் போகின்றன. பிறகு பால் பொங்குகிறது. இந்தச் சடங்கின் சமூகப் பயன் அடுத்த அடியில் இருக்கிறது: பொங்கிய பாலைத் தெருவுக்குக் கொடுப்பதில். அன்று வாசலுக்கு வந்த பத்து வீடுகள்தான், நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பைக் எடுக்கும் வீடுகள். வாடகைக்குப் போகிறவர்கள் செலவுக்கு அஞ்சி இதைத் தவிர்க்கிறார்கள். ஒரு லிட்டர் பாலும் அரைக் கிலோ சர்க்கரையும் போதும், தவிர்க்கக் கூடாது. சொல்லிவிட்டு வருவதும் அதே அளவு முக்கியம். பழைய தெருவில் பாக்கி வைக்காமல், வருத்தம் வைக்காமல் வந்தவர்களுக்குத் திரும்பிப்போக ஓர் ஊர் மிச்சம் இருக்கும்.

பெரியவர்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். திண்ணையும் வேப்பமரமும் பேச்சுத்துணையும் இழந்த முதியவர்கள் புது வீட்டின் டைல்ஸ் தரையில் வழுக்கி விழுகிறார்கள். பேச ஆளின்றி முடங்குகிறார்கள். வீடு மாறும் முடிவில் அவர்களின் சொல்லைக் கேட்பதும், புது வீட்டு வாசலில் உட்கார ஒரு மேடை கட்டுவதும், முதல் மாதங்களில் பழைய ஊருக்கு அழைத்துப் போய்வருவதும் செலவில்லாத மருந்து.

செய்ய வேண்டியவை

இவற்றைத் தொகுத்தால் குடும்பத்துக்கு ஓராண்டுத் திட்டம் கிடைக்கிறது. மூன்று மாதம் முன்பு: மனையின் தாள்கள், நீர், பள்ளி, பஸ், வேலை ஆகியவற்றைப் பார்த்து முடிவெடுத்தல். ஒரு மாதம் முன்பு: குழுக்கடன், பால் பாக்கி, ஓடும் பாவு, மாற்றுச் சான்றிதழ், மாத்திரை. மாறும் வாரம்: பத்திரம், அட்டைகள், நகை, மருந்து ஆகியவை ஒரே பையில், குடும்பத்தில் ஒருவர் கையில். முதல் மாதம்: குடும்ப அட்டை, ஆதார், படிவம் 8, எரிவாயு, மின் இணைப்புப் பெயர் மாற்றம், செவிலியர். முதல் மழைக்கு முன்: கூரை, வடிகால், நெல் வைக்கும் பலகை. அடுத்து வரும் கிராம சபை: ஒருவராவது போய் உட்கார்ந்து, ஒரு சொல்லாவது பேசுதல்.

ஆனால் குடும்பத்தின் விழிப்பு மட்டும் போதாது. ஒரே வீட்டு மாற்றத்துக்கு வழங்கல், வருவாய், மின்சாரம், தேர்தல், பள்ளி, சுகாதாரம் என்று ஆறு இடங்களில் ஏறி இறங்க வேண்டியிருப்பது கூலித் தொழிலாளிக்கு ஆறு நாள் கூலி இழப்பு. ஊராட்சி அலுவலகத்திலேயே ஒரே விண்ணப்பத்தை வாங்கி, அதை எல்லாத் துறைகளுக்கும் அனுப்பி, முடிந்ததும் குடும்பத்துக்குத் தகவல் சொல்லும் ஏற்பாட்டை அரசு செய்ய முடியும். இ-சேவை மையங்களும் இணைய வசதியும் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை இணைக்கும் முடிவுதான் வேண்டும். அரசு வீடுகளைப் பொறுத்தவரை கோரிக்கை இன்னும் எளியது. சாவி கொடுத்த நாளோடு கோப்பை மூடக் கூடாது. ஒரு வருடம் கழித்து ஓர் அலுவலர் அந்தத் தெருவுக்குப் போய், கட்டிய வீட்டில் அந்தக் குடும்பமே குடியிருக்கிறதா, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா, அட்டை வந்ததா, வேலை கிடைத்ததா, கிராம சபைக்கு அழைப்பு வருகிறதா என்று கேட்டு எழுத வேண்டும். அந்த ஐந்துக்கும் ஆம் என்று பதில் வரும்போதே ஒரு வீடு கட்டி முடிந்ததாகக் கணக்கில் ஏற வேண்டும்.